கறுப்பு அட்டை

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு பேரிடர் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மைதானத்தில் 'பஸ் கவிழ்ந்துவிட்டது'. பன்னிரண்டு பேர் குங்குமத் தண்ணீரைப் பூசிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு சீட்டு: மூச்சு எப்படி, நாடி இருக்கிறதா, சொன்னால் புரிகிறதா. என் கையில் நான்கு நிறத்தில் அட்டைகள்.

முதலில் கண்ணில் பட்டவன் என் அறைத்தோழன். சீட்டில் 'மூச்சில்லை'. தாடையைத் தூக்கி மூச்சுப்பாதையைத் திறந்தேன். "இப்பவும் மூச்சு வரல" என்றார் பயிற்சியாளர். அடுத்து நான் செய்யவேண்டியது ஒன்றுதான். கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு எழுந்து போகவேண்டும். என்னால் முடியவில்லை. நெஞ்சை அழுத்துவதுபோல பாவனை செய்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விசில் அடித்தது. பயிற்சியாளர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். திட்டவில்லை. "தம்பி, நாலு நிமிஷம் ஆச்சு. இவனும் பொழைக்கல. அந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி ஒரு பொண்ணு கெடக்குது பாரு. தொடையில ரத்தம் போயிட்டே இருந்துச்சு. சத்தம் போடல, அதனால நீ பாக்கல."

அன்றைக்கு எனக்குக் குற்ற உணர்ச்சியைவிடக் கோபம்தான் அதிகம். உயிரோடு கிடக்கிற மனிதர்களுக்கு நிறம் கட்டலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

ட்ரையாஜ் என்ற சொல் பிரெஞ்சு மொழியில் இருந்து வந்தது. பிரித்தெடுப்பது என்று பொருள். மருத்துவத்துக்கு வருவதற்கு முன் அது கம்பளியையும் காபிக் கொட்டையையும் தரம் பிரிக்கிறவர்களின் சொல். நம் வீடுகளில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவோமே, அந்த வேலைதான். மனிதர்களை முறத்தில் போட்டது போர்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுப் படையின் மருத்துவ வண்டிகள் போர்க்களத்துக்குப் பல கிலோமீட்டர் பின்னால்தான் நிற்கவேண்டும். சண்டை ஓய்ந்தபிறகுதான் உள்ளே வரும். அதற்குள் பாதிப் பேர் செத்திருப்பார்கள். டொமினிக் ழான் லாரே என்ற இளம் அறுவை மருத்துவர் 1792இல் இதைப் பார்த்து நொந்துபோனார். குதிரைகள் இழுக்கும் இலகுவான வண்டிகளைச் சண்டை நடக்கும்போதே உள்ளே அனுப்பினார். 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று அதற்குப் பெயர். பின்னாளில் நெப்போலியனின் தலைமை மருத்துவர்களில் ஒருவரானார்.

வண்டியைவிடப் பெரிய விஷயம் அவர் வகுத்த விதி. ஆபத்தான காயம் யாருக்கோ அவருக்கே முதல் சிகிச்சை. பதவியோ அந்தஸ்தோ பார்க்கக்கூடாது. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். தளபதியின் விரல் காயத்துக்குக் கட்டுப்போட்டுவிட்டுத்தான் சிப்பாயின் பக்கம் திரும்புவார்கள் என்றிருந்த காலத்தில் அது ஒரு சின்னப் புரட்சி. வரிசையில் காயத்தை மட்டும் பார், ஆளைப் பார்க்காதே என்றார் லாரே.

ஆனால் லாரேயின் விதி எனக்கு உதவவில்லை. என் நண்பனுக்குத்தானே மிக மோசமான நிலை? அப்படியென்றால் அவனோடு நான் இருந்தது சரிதானே?

இதற்குப் பதில் 1846இல் வருகிறது. ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், காயம் லேசாக இருப்பவர்களோடு, எப்படியும் பிழைக்க வாய்ப்பில்லாதவர்களையும் தள்ளிவைத்தால்தான் நடுவில் இருப்பவர்களைக் காப்பாற்ற முடியும் என்று எழுதினார். கேள்வியே மாறிவிட்டது. 'யாருக்கு அதிக ஆபத்து?' என்பது போய், 'இப்போது என் கையில் இருப்பதை வைத்து யாரைக் காப்பாற்ற முடியும்?' என்று ஆனது.

இரண்டு கேள்விகளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் போனால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதிகள் பிரித்திருப்பதைப் பார்க்கலாம். "நாங்கதான் சார் மொதல்ல வந்தோம்" என்று யாராவது சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே நடப்பது லாரேயின் கேள்வி. மோசமான நிலையில் இருப்பவரை முதலில் உள்ளே எடுப்பார்கள், மற்றவருக்கும் முறை வரும். ரயில் கவிழ்ந்த இடத்தில் இரண்டு பேர் நூறு பேரைப் பார்க்கவேண்டும் என்றால், அங்கே வில்சனின் கேள்வி வந்துவிடுகிறது.

அதைக் கையில் எடுத்துச் செய்ய ஓர் எளிய முறை 1983இல் கலிபோர்னியாவில் உருவானது. நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய அதற்கு ஸ்டார்ட் என்று பெயர். முதல் வேலை குரல் கொடுப்பது: "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் அந்தப் பக்கம் வாங்க!" வந்தவர்களுக்குப் பச்சை. மிச்சம் இருப்பவர்களிடம் ஒவ்வொருவராகப் போகவேண்டும். மூச்சில்லையா, மூச்சுப்பாதையைத் திற. வந்தால் சிவப்பு, வராவிட்டால் கறுப்பு. நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டால் சிவப்பு. சொன்னதைச் செய்யமுடியாவிட்டால் சிவப்பு. இது எதுவும் இல்லையென்றால் மஞ்சள். நடுவில் இரண்டே சிகிச்சைதான்: மூச்சுப்பாதையைத் திறப்பது, கொட்டும் ரத்தத்தை நிறுத்துவது. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவ்ளோதான்.

விதி கல்லில் செதுக்கியதும் இல்லை. 1995இல் லூ ரோமிக் என்ற குழந்தை அவசர மருத்துவர் அதைக் குழந்தைகளுக்காக மாற்றினார். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் நிற்கும், இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும். ஆகவே மூச்சில்லாமல் நாடி மட்டும் இருக்கும் குழந்தைக்கு ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்த்துவிட்டுத்தான் கறுப்பு. அட்டையும் தீர்ப்பு கிடையாது. ஆட்கள் வரவர மறுபடி ஒரு சுற்று வரவேண்டும், நிறம் மாறினால் மாற்றிக் கட்டவேண்டும்.

என் கோபம் முழுசாக அடங்கியது இவர்களால் அல்ல, நிக்கலாய் பிரகோவ் என்ற ரஷ்ய மருத்துவரால். கிரிமியப் போரின்போது 1854இல் செவஸ்தபோல் வந்தார். பிரபுக்கள் கூடும் மண்டபம் மருத்துவமனையாகி, காயம்பட்டவர்கள் தரை முழுக்கக் கிடந்தார்கள். மருத்துவர்கள் கையில் கிடைத்தவருக்கெல்லாம் அறுவை செய்து களைத்துப்போயிருந்தார்கள். பிரகோவ் கத்தியை எடுப்பதற்கு முன் எல்லோரையும் ஐந்து பிரிவாகப் பிரிக்கச் சொன்னார். அதில் ஒரு பிரிவு, பிழைக்கவே மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள். அவர்களை மருத்துவர்களிடம் அனுப்பவில்லை. ஆனால் செவிலிச் சகோதரிகளிடமும் பாதிரியார்களிடமும் ஒப்படைத்தார்.

அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு முறை படித்தேன். கறுப்பு அட்டைக்காரர்களுக்கும் அவர் ஆள் போட்டிருந்தார்.

முகாமில் நான் செய்த தவறு நண்பன் மேல் அக்கறைப்பட்டது அல்ல. அவன் பக்கத்தில் உட்காரவேண்டிய ஆள் அந்த நிமிடத்தில் நான் இல்லை, அவ்வளவுதான். எனக்குப் புளியமரம் வரைக்கும் போகவேண்டிய வேலை இருந்தது. பிரிப்பவரும் கூட இருப்பவரும் ஒரே ஆளாக இருக்கமுடியாது. ஆனால் இரண்டு பேருமே இருக்கவேண்டும்.

மறுநாள் காலை அதே பயிற்சி, அதே மைதானம். நடக்க முடிந்தவர்களைக் கூப்பிட்டேன். நண்பனுக்குக் கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு எழுந்தேன். கை நடுங்கியது. மரத்தடிப் பெண்ணின் தொடையில் துணியை இறுக்கிச் சிவப்பைக் கட்டினேன். பன்னிரண்டு பேரையும் முடித்தபிறகு, யாரும் சொல்லாமலே, திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "இப்பதான் வழி தெரிஞ்சுதாடா?"