சுடுகாட்டில் ஒரு கல்யாணி

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது காரியாபட்டி. விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றிய வருஷத்தில் சீமைக் கருவேலத்தைத் தவிர வேறெதுவும் பச்சையாகத் தெரியாது என்பார்கள். முழுசாக நிஜமில்லை. முழங்கால் உயரத்தில், வெள்ளையும் ரோஸுமாக ஐந்து இதழ் விரித்து, ஒரு செடி எந்த வெயிலுக்கும் அசராமல் நின்றுகொண்டிருக்கும்.

பெயர்? அது நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒருவர் நித்திய கல்யாணி என்பார். இன்னொருவர் சுடுகாட்டு மல்லி என்பார். வருஷம் முழுக்கப் பூப்பதால் முதல் பெயர். இரண்டாவதற்கு ஆடுமாடுகளும் ஒரு காரணம். இலை கசப்பு, விஷமும்கூட. அதனால் அவை வாய் வைப்பதில்லை. யாரும் தண்ணீர் ஊற்றாத, யாரும் பறிக்காத இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். ஊரில் அப்படிப்பட்ட இடம் எது? கேரளாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'சவம்நாறி' என்றுவிட்டார்கள். வங்காளிகளுக்கு ரசனை அதிகம். அங்கே இதன் பெயர் நயன்தாரா. (சத்தியமாக!)

இத்தனை பெயர் வைத்தோமே தவிர, செடி நம்முடையது அல்ல. சொந்த ஊர் மடகாஸ்கர். 18-ம் நூற்றாண்டில் பாரிஸ் வழியாக லண்டன் செல்சீ மூலிகைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1759-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் 'வின்கா ரோசியா' என்று பெயர் சூட்டினார். வின்கா என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்த ஒரு கொடி. பூ அதே ஜாடை. ஆச்சரியம் என்னவென்றால், அதுவும் சாவு வீட்டுப் பூதான்! இத்தாலியில் இறந்துபோன குழந்தைகளுக்கு அதில் மாலை கட்டிப் போடுவார்கள். 'சாவுப் பூ' என்றே அங்கே பெயர்.

1837-ல் ஜார்ஜ் டான் என்ற தாவரவியலாளர், இது வேறு இனம் என்று பிரித்து 'கேதராந்தஸ்' என்றார். கிரேக்கத்தில் 'மாசற்ற பூ' என்று அர்த்தம். நம்ம சுடுகாட்டு மல்லிக்கு!

வின்கா என்ற பெயர் அதோடு ஒழிந்ததா? இல்லை, மருந்துக் கடைக்குக் குடிபோய்விட்டது. ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு இந்த இலையில் கஷாயம் போடுவார்கள். 1952-ல் அங்கிருந்து கனடா டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே 25 இலைகள். அவர் அதைத் தன் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவே இல்லை. ஊசியில் ஏற்றினார். வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்து, தொற்று வந்து எலிகள் செத்தன. இன்னொருவராக இருந்தால் ஃபைலை மூடியிருப்பார். நோபிள் மாற்றி யோசித்தார். ரத்தப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் பெருகுவது வெள்ளை அணுக்கள்தானே?

சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1958-ல் வின்பிளாஸ்டினை உலகத்துக்கு அறிவித்தார். அதே செடியைத் தனியாகக் குடைந்துகொண்டிருந்த அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி, 1963-ல் வின்கிரிஸ்டினைக் கொண்டுவந்தது. இரண்டிலும் 'வின்' என்பது வின்காவேதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கப்படும் கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டின் ஒன்று.

வியாபாரக் கணக்கு படித்தவன் என்பதால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நம் தென் மாவட்டத்து மானாவாரி நிலங்களிலும் இதைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் கப்பலேற்றினார்கள். சுடுகாட்டுப் பூ வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கியவர்களும் உண்டு, விற்பதற்கு ஆகும்!

இப்போது அது நகரத்து மொட்டைமாடிகளுக்கும் வந்துவிட்டது. கலர் கலராக, தொட்டியில். நர்சரியில் விசாரித்துப் பாருங்கள். 1837-லேயே பெயர் மாற்றியாயிற்று என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. "வின்கா சார், தண்ணி கம்மியா ஊத்துனா போதும்" என்பார்கள்.