சாயவேரும் கடல்மணலும்

எங்க ஊர்ப் பேரைச் சொன்னால் "யாரோட காலடி?" என்று கேட்பார்கள். யாரோடதும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட் பேட்டை நம்ம வாயில் காலடிப்பேட்டை ஆயிடுச்சு. இந்தக் கதை பலருக்கும் தெரியும். இந்தக் கரைத் துணிக்குச் சிவப்பேற்றிய செடியின் கதை அவ்வளவாகத் தெரியாது.

சாயவேர். சித்த வைத்தியத்தில் இம்பூரல். முழங்கால் உயரம்கூட வராது, பூ பொடிப்பொடியாக வெள்ளை. கடலோர மணலில் தானாக முளைக்கும். படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியை இதன் வேரோடு கொதிக்கவைத்தால் சிவப்பு பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை துவைத்தாலும் லேசில் போகாது. சோழமண்டலத் துணிக்கு ஐரோப்பா மயங்கியதில் இந்தச் சிவப்புக்குப் பெரிய பங்குண்டு.

சாயவேரைப் பயிராகவும் போட்டார்கள். ஆனால் கம்பெனி மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ராக்ஸ்பர்க், 1795இல் வெளிவரத் தொடங்கிய தன் சோழமண்டலத் தாவர நூலில் ஒன்றைக் குறித்துவைத்தார்: தானாக முளைத்த செடியின் வேர் குட்டைதான், ஆனால் சாயம் அதில்தான் அதிகம்.

ஏன்? மணலில் காய்ந்து கிடந்ததால் வேர் அப்படி ஆனதா? இல்லை, தலைமுறை தலைமுறையாக மணலில் தேறிவந்த செடி பிறப்பிலேயே வேறா? மண்ணா, விதையா?

இப்படிப்பட்ட கேள்வியை முறையாகச் சோதித்துக் காட்டியவர் சுவீடனின் கோட்டே டூரெசான். கடலோரத்திலும் உள்நாட்டிலும் வளரும் ஒரே இனச் செடிகளைக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து வளர்த்தார். சில வேறுபாடுகள் மறைந்தன, பல மறையவில்லை. இடத்துக்கேற்பப் பரம்பரையிலேயே பிரிந்துபோன இந்தக் குழுக்களுக்கு 1922இல் 'ஈகோடைப்' என்று பெயர் வைத்தார். ஒரு வயலும் இரண்டு கைப்பிடி விதையும் இருந்தால் சாயவேருக்கும் இதைச் செய்திருக்கலாம். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1868இல், ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அந்தச் சிவப்பின் மூலமான அலிசரினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். ஆலைச் சாயம் மலிவாக வந்து இறங்கியது. வேருக்கு விலை போச்சு.

இப்போது ஓர் இலை கிடைத்தாலே டிஎன்ஏவைப் பார்த்துவிடலாம். இலைக்கு எங்கே போவது? துறைமுகம் கட்டியபின் அதற்கு வடக்கே கடல் மணலை அரித்துக்கொண்டே வந்தது. திருவொற்றியூர்க் கரையில் இன்று நிற்பது கருங்கல். ராமநாதபுரத்து விதையை எடுத்துவந்து இங்கே தூவினால் இம்பூரல் முளைக்கலாம். இந்த மணலுக்கென்று ஓர் இம்பூரல் இருந்திருந்தால், அதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க இனி வழியில்லை.