எம்.பி.எஸ். வளர்த்த சேர்ந்திசை

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்ற எம்.பி. சீனிவாசன் 1925 செப்டம்பர் 19 அன்று சித்தூரில் பிறந்தார். திரையுலகம் அவரை இசையமைப்பாளராக அறியும். இசைக்கலைஞர்கள் தங்கள் தொழிற்சங்கத்தை எழுப்பியவர் என்று நன்றியோடு சொல்வார்கள். இவற்றோடு, வாழ்வின் கடைசி நாள்வரை அவர் கைவிடாத பணி ஒன்றும் உண்டு: சங்கீதம் படிக்காதவர்களையும் ஓரிடத்தில் நிறுத்தி, பல குரல்களை ஒரு பாட்டாக்கும் பணி. 1971இல் அவர் தொடங்கிய 'மெட்ராஸ் யூத் கொயர்' என்னும் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு அந்தப் பணியின் விளைநிலம்.

இயக்கத்தில் பிறந்த இசை

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் சீனிவாசன் மாணவர் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். பொதுவுடைமைக் கட்சியில் இணைந்தார். அது 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றம் நாடெங்கும் பரவிய காலம். வங்கப் பஞ்சத்தின் துயரை ஊர் ஊராகப் பாடிச் சென்ற அந்த மன்றத்தார், கூட்டாகப் பாடுவதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். பின்னாளில் பம்பாயில் சலில் சௌத்ரி உருவாக்கிய குழுவும், கல்கத்தாவில் 1958இல் ரூமா குஹா தாகுர்தா தொடங்கிய குழுவும் அதே வழியில் வந்தவை. தில்லியில் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் செயலாளராகப் பணியாற்றியபோது சீனிவாசனும் அந்தக் காற்றைச் சுவாசித்தார். விடுதலைப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள் ஜாஹிதாவை மணந்தார்.

சென்னைக்குத் திரும்பியவர் 1960இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். அதில் ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய பாடல் இன்றும் கேட்கப்படுகிறது. 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்காக, 1961இல் கே.ஜே. யேசுதாஸின் குரலை முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தவரும் இவரே. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்' போன்ற படங்களுக்கு அளந்து இசை தந்தார். 'ஓப்போள்' படத்தில் அவர் இசையில் பாடியதற்காக ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு அன்று வேலை நேரமும் வரையறுக்கப்படவில்லை, ஊதியமும் உறுதியில்லை. அவர்களைச் சங்கமாகத் திரட்டியதில் எம்.பி.எஸ்.ஸின் பங்கு தலையாயது. தனித்தனியாக நின்றால் காதில் விழாத குரல் ஒன்றாக எழுந்தால் கேட்கும் என்ற நம்பிக்கையே அவரைச் சங்கத்துக்கும் கொண்டுபோனது, சேர்ந்திசைக்கும் கொண்டுவந்தது.

நடத்துநரின் வேலை

ஒரே மெட்டை ஐம்பது பேர் பாடினால் அது கோஷ்டி கானம். பஜனை மடங்களில் நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தது அது. சேர்ந்திசை வேறு. அதில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரி உண்டு; எல்லா வரிகளும் சேர்ந்தால்தான் பாட்டு.

நம் மண்ணில் இதைச் செய்வதில் உள்ள சிக்கலை இசை தெரிந்தவர்கள் அறிவார்கள். ஆண்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுகம். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. எல்லோரையும் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாடச் சொன்னால் யாரேனும் ஒரு தரப்பு மேலே எட்டமுடியாமல் திணறும், அல்லது கீழே அமுங்கிப்போகும். குரல்களை மேல், கீழ் எனப் பிரித்து, அவரவர் எல்லைக்குள் வரி எழுதுவதே இதற்குத் தீர்வு.

எழுதும்போது அடுத்த சிக்கல் வரும். மேல்நாட்டு முறையில் சுரங்களை அடுக்கினால் ராகம் உடையக்கூடும். மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் இல்லை. துணை வரியில் அவை நுழைந்தால் கேட்பவருக்கு மோகனம் மறைந்துவிடும். எனவே துணை வரிகளும் அந்த ராகத்தின் சுரங்களிலேயே நடக்கவேண்டும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகமும் அப்படித்தான். தனிப்பாடகர் தம் மனோதர்மப்படி அசைக்கலாம். இருபது பேர் இருபது விதமாக அசைத்தால் சுரம் கலங்கும். எங்கே அசைவு, எங்கே நேர்ச்சுரம் என்று நடத்துநர் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும்.

மேடையில் அவர் கை தாளம் மட்டும் காட்டுவதில்லை. பாட்டு எடுப்பதற்கு ஒரு நொடி முன்பு கை உயர்கிறது. அந்த உயர்வில் குழு முழுதும் மூச்சு எடுக்கிறது. நீண்ட கார்வையில் பக்கத்தில் நிற்பவரும் தாமும் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்காமல், மாற்றி மாற்றி எடுத்தால் ஒலி அறுபடாது. 'ட்ட', 'ற்ற' என்று வரும் வல்லொற்றுகள் ஒரே கணத்தில் விழுந்தால்தான் தமிழ்ச் சொல் புரியும். சென்னைக் குழு தமிழோடு நிற்காமல் பல இந்திய மொழிகளில் பாடியது. அங்கே பொருளையும் உச்சரிப்பையும் சேர்த்தே கற்கவேண்டியிருந்தது. பாரதியின் பாடல்களுக்கு எம்.பி.எஸ். தந்த சேர்ந்திசை வடிவம், அவற்றைக் கச்சேரி மேடையிலிருந்து கூட்டத்தின் வாய்க்குக் கொண்டுபோனது.

பள்ளிகளை நோக்கி

இந்த முயற்சியைச் சென்னையோடு நிறுத்த அவருக்கு மனமில்லை. பள்ளிப் பிள்ளைகள் பிற மாநிலங்களின் பாடல்களை அந்தந்த மொழியிலேயே கூடிப் பாடும் சமூகப் பாடல் திட்டத்துக்கு உழைத்தார். கேரளத்தில் சிறுவர் குழுக்களைப் பழக்கினார். அப்படி ஒரு சேர்ந்திசைப் பயிற்சிக்காக லட்சத்தீவு சென்றிருந்தபோதுதான், 1988 மார்ச் 9 அன்று மாரடைப்பால் மறைந்தார். அப்போது வயது 62.

நடத்துநர் போனபின் குழு கலைந்துவிடுவது பல ஊர்களில் நடப்பது. சென்னைக் குழு கலையவில்லை. அவரிடம் பழகியவர்கள் அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். திருவனந்தபுரத்தில் அவர் பெயரைத் தாங்கிய இளைஞர் குழு பாடிவருகிறது. தன் கையை நம்பி நிற்காத குழுவை உருவாக்கியதே ஒரு நடத்துநரின் பெரிய வெற்றி.

அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த இவ்வேளையில் நாம் செய்யவேண்டியது தெளிவு. அவருடைய துணை வரிகள் பாடியவர்களின் நினைவோடு போய்விடாமல் சுரக்குறிப்பாக அச்சேறவேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்குக் குழுவை நடத்தும் பயிற்சி கிடைக்கவேண்டும். வகுப்பில் நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை மட்டும் முன்னே அழைக்காமல், பாட வராது என்று ஒதுங்கும் பிள்ளைக்கும் ஒரு வரி கொடுத்துப் பாட வைக்கும் ஆசிரியர் ஊருக்கு ஒருவர் உருவானால், எம்.பி.எஸ். தொடங்கிய வேலை அடுத்த தலைமுறையிலும் நடக்கும்.