உருக்கும் பிடியும்: பழைய சேலம் ஜில்லாவின் ஒரு பாடம்

லேத் வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு எப்பவும் இரண்டு கேள்விகள்தான். இது என்ன இரும்பு? இதை எதில் பிடிக்கிறது? உருண்டை ராடு என்றால் மூணு ஜா சக் போதும். கோணல்மாணலான துண்டுக்கு நாலு ஜா சக் வேணும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அப்படியே துளை போடப் போனால் ட்ரில் பிட்தான் மழுங்கும். சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் வழிக்கு வரும். பொருளின் குணம் தெரிந்தால்தான் அதைக் கையாளும் விதமும் தெரியும். தருமபுரியில் உட்கார்ந்து இதை எழுதும்போது, இந்த ஊர்ப்பக்கம் இது எவ்வளவு பழைய பாடம் என்று தோன்றுகிறது.

தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். அதுவரை சேலம் ஜில்லாதான். அந்த ஜில்லாவில் இரும்பு உருக்கும் வேலையை நேரில் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜோசியா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர்.

அவர் சொல்லும் முறை இதுதான். தேனிரும்பைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி மண் மூசையில் போடுவார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டை சேர்ப்பார்கள். மேலே எருக்கிலை மாதிரி ஒன்றிரண்டு பச்சை இலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறியதும் மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி. கட்டையின் கரி இரும்பில் ஏறியதுதான் விஷயம். நாம் வாங்கும் எம்.எஸ். ராடில் கரி 0.2 சதவீதம் போல இருக்கும். இந்த வகை உருக்கில் 1 முதல் 2 சதவீதம்.

கதை இதோடு முடியலை. அந்தக் கட்டியை நேராகச் சம்மட்டிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கரி நெருப்பில், உருகும் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே வைத்து, துருத்திக் காற்றில் புரட்டிப் புரட்டிப் பல மணி நேரம் பதப்படுத்துவார்கள். அதிகப்படியான கரி கொஞ்சம் கழியும். அதன் பிறகுதான் அடி.

இந்தப் பக்குவம் தெரியாத இடத்தில் என்ன ஆச்சு? பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் இந்திய உருக்குக் கட்டியைப் பாரிஸ் கொல்லர்களிடம் கொடுத்தார். யாராலும் அடித்து நீட்ட முடியலை. காரணம் எளிது. சாதா இரும்பை வெள்ளைச் சூட்டில் அடிக்கலாம். கரி மிகுந்த உருக்கு அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும், சூடு குறைந்தாலோ விரிசல் விடும். நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல். லண்டனில் 1795இல் ஜார்ஜ் பியர்சன் 'வூட்ஸ்' என்ற பெயரில் இதை ஆராய்ந்து எழுதினார். பின்னால் ஃபாரடேயும் ஆராய்ந்தார். பொருள் கப்பலேறிப் போனது. குறடு பிடித்தவன் கண்ணில் இருந்த சூட்டின் நிறம் கூடப் போகலை.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு அதனால் லாபம் பார்த்தது. அவருக்குக் கிடைத்தது வழக்குதான். 1851இல் அவர் இறந்த பிறகும் இழுத்து, 1855இல் பிரபுக்கள் சபையில் அவர் பக்கம் தோற்று முடிந்தது. ஆனாலும் அவர் பெயராவது நிற்கிறது. அவருக்கு முன்னால் ஆவாரங்கட்டையை அளந்து போட்டவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. சீமை இரும்பு மலிவாக வந்து இறங்க, ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

இரும்பின் பெயரும் கிரேடும் இன்றைக்குக் கடையில் கேட்டால் கிடைக்கும். அதை எந்தச் சூட்டில் அடிப்பது, எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதைக் கையிலிருந்து கைக்குத்தான் வாங்கியாகணும். பக்கத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இன்னும் நடக்கிறது என்றால், ஒரு நாள் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். கேளுங்கள், எழுதி வையுங்கள். கேட்டவர் பெயரை விட, சொன்னவர் பெயரை முதலில் எழுதுங்கள்.