நெருப்பின் மூச்சும் மனிதனின் மூச்சும்

கேரவன் என்றதும் தமிழ் வாசகரின் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது, படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் நட்சத்திரங்களின் ஓய்வுக்கென நிறுத்தப்பட்டிருக்கும் குளிரூட்டிய வண்டிதான். ஆனால் சக்கரத்தின் மேல் ஓடும் அந்த வீட்டின் வரலாறு பெரும்பாலும் குளிர்நாடுகளில் நிகழ்ந்தது. அங்கே குளிரூட்டுவதன்று, சூடேற்றுவதே பெரும்பாடு. மரத்தாலோ தகரத்தாலோ ஆன சிற்றறைக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு, அதன் அருகிலேயே கதவடைத்து உறங்குவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காண மேலைநாட்டினர் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பட்ட பாட்டினையே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

சக்கரத்தின் மேல் ஓர் அடுப்பு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இங்கிலாந்தின் ரோமானி மக்கள் குதிரை பூட்டிய மரவண்டிகளைத் தம் இல்லங்களாகக் கொள்ளத் தொடங்கினர். வார்டோ எனப்படும் இவ்வண்டியின் உள்ளே ஒரு வார்ப்பிரும்பு அடுப்பும், கூரையைத் துளைத்து மேலெழும் புகைபோக்கியும் இருந்தன. அப்புகைபோக்கி அமைந்த இடம் நம் கவனத்துக்குரியது. இங்கிலாந்தில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்பவை. ஓரத்து மரக்கிளைகள் வண்டியின் இடப்பக்கத்தையே உரசும். ஆகவே அடுப்பையும் புகைபோக்கியையும் வலப்பக்கம் வைத்தனர். புகை தடையின்றி வெளியேற வேண்டும் என்பதில் அவர்கள் கொண்டிருந்த கவனத்துக்கு இது சான்று.

எனினும் ஒரு குறை இருந்தது. புகை வெளியே சென்றதே தவிர, அடுப்பு எரிவதற்கான காற்று மனிதர் உறங்கிய அதே அறையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. பலகை இடுக்குகள் வழியே நுழைந்த காற்று அக்குறையை ஓரளவு ஈடுசெய்தது.

1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் எழுத்தாளர், 'வாண்டரர்' எனப் பெயரிட்ட வண்டியொன்றைப் பிரிஸ்டல் நகரில் கட்டுவித்து, உல்லாசத்துக்காகவே இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றார். சிறுவர்க்கான சாகசக் கதைகளால் புகழ்பெற்ற இவர் முன்னாள் கடற்படை மருத்துவர். இன்றைய பொழுதுபோக்குக் கேரவன்களின் முன்னோடி என அவ்வண்டியைக் கூறுவர். அவர் சென்றது கோடையில் என்பதால் சூடேற்றும் சிக்கல் அவரை அதிகம் வருத்தவில்லை. பின்வந்தோர்க்கு அவ்வசதி வாய்க்கவில்லை. 1930களில் அமெரிக்காவில் காரின் பின்னே இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள் பெருகின. பொருளாதார வீழ்ச்சியால் வீடிழந்த பலருக்கு அவையே நிரந்தர வீடுகளாகவும் ஆயின. கடுங்குளிரிலும் அவற்றுக்குள்ளேயே வாழ வேண்டியிருந்தது. குளிரைத் தடுக்க இடுக்குகளை அடைத்தார்கள். இடுக்குகளை அடைத்தபோது அடுப்புக்கும் மனிதனுக்கும் பொதுவான காற்று சுருங்கியது.

மணமற்ற எதிரி

போதிய காற்றின்றி எரியும் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. நுரையீரல் இயங்கும், ஆனால் உடல் மூச்சடைத்துப் போகும். பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் 1850களில் இவ்வுண்மையை ஆராய்ந்தார். ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் தாமே அவ்வாயுவைச் சுவாசித்து, தம் உடலில் நேர்ந்த மாற்றங்களைக் குறித்து 1895இல் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர் இவ்வாயுவை முன்கூட்டியே அறிய எலி போன்ற சிற்றுயிர்களை உடன்கொண்டு செல்லலாம் என்று சொன்னவரும் அவரே. கானரிப் பறவைகள் சுரங்கத்துக்குள் சென்ற கதை இதன் தொடர்ச்சி.

அறிவியல் அறிந்திருந்தும் வீடுகள் அறியவில்லை. 1902 செப்டம்பர் இறுதியில், பாரீசிலுள்ள தம் வீட்டின் படுக்கையறையில் நெருப்பு மூட்டிக் கதவடைத்து உறங்கிய எமிலி ஸோலா காலையில் உயிருடன் இல்லை. அவர் மனைவி பிழைத்தார். புகைபோக்கி அடைபட்டதே காரணம். டிரைஃபஸ் வழக்கில் அவர் நீதிக்காகக் குரல் எழுப்பியதால் பகைவர் யாரேனும் வேண்டுமென்றே அடைத்தனரா என்ற ஐயம் இன்றளவும் தீரவில்லை. பெருநகரத்தின் விசாலமான வீட்டிலேயே இந்நிலை என்றால், ஆளுயரக் கூரை கொண்ட வண்டிக்குள் எத்தனை விரைவாக இது நிகழும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

பனிக்கடியில் ஒரு குடில்

இவ்வாபத்தின் முழு உருவையும் அதற்கு ஆட்பட்டவரின் சொற்களிலேயே நாம் அறிவது ரிச்சர்ட் பேர்ட் வாயிலாக. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான அவர், 1934ஆம் ஆண்டின் அண்டார்க்டிக் குளிர்காலத்தை வானிலை ஆய்வுக்காகத் தன்னந்தனியே கழித்தார். பனிக்குள் புதைக்கப்பட்டிருந்த அவருடைய குடில் ஏறத்தாழ 13 அடி நீளமும் 9 அடி அகலமும் மட்டுமே கொண்டது. ஒரு டிரெய்லரின் அளவுதான். வெளியே மைனஸ் 50 டிகிரி செல்சியசுக்கும் கீழான குளிர். உள்ளே எண்ணெய் அடுப்பு. அதன் குழாய் இணைப்புகளில் கசிவு. காற்றுக்குழாயில் பனி படிந்து அடைப்பு. மே மாத இறுதியில், வானொலிக்கு மின்சாரம் தரும் பெட்ரோல் எஞ்சின் இருந்த பனிச்சுரங்கத்தில் அவர் மயங்கி விழுந்தார்.

அதன் பின்னர் அவர் வாழ்ந்தது ஒரு கொடிய கணக்கின்படி. அடுப்பை எரித்தால் நஞ்சு, அணைத்தால் உறைவு. தம்மை மீட்க வருவோர் இருளில் மாண்டுவிடக் கூடாதென்று நோயை மறைத்தே செய்தி அனுப்பினார். அச்செய்திகள் தடுமாறுவதைக் கண்ட தோழர்கள், பலமுறை முயன்று ஆகஸ்டில் அவரை அடைந்தனர். 1938இல் வெளிவந்த 'தனியே' என்னும் பொருள்படும் அவரது நூல் இவற்றையெல்லாம் விவரிக்கிறது. நெருப்பின் மூச்சையும் மனிதனின் மூச்சையும் ஒரே அறையில் வைத்ததன் விளைவு என்று அதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

இரைச்சலின் பொருள்

இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்ததே பின்னாளில் டிரெய்லர்களில் இடம்பெற்ற புரொப்பேன் உலையின் சாதனை. நெருப்பு ஓர் உலோக அறைக்குள் மூடப்பட்டிருக்கிறது. அதற்கான காற்று வெளிச்சுவரின் துளை வழியே வருகிறது. புகையும் அவ்வழியே வெளியேறுகிறது. வீட்டுக்காற்று அவ்வுலோகத்தின் மறுபுறம் தழுவிச் சூடேறித் திரும்புகிறது. இரு காற்றுகளும் கலப்பதில்லை.

இப்பிரிவினைக்கு விலை உண்டு, அதுவே இரைச்சல். பேட்டரியில் இயங்கும் விசிறியொன்று இரு காற்றுகளையும் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட் அழைத்ததும் முதலில் ஓடுவது விசிறிதான். போதிய காற்று வீசுகிறது என்பதை ஒரு மெல்லிய தகட்டு விசை உறுதி செய்த பின்னரே எரிவாயு திறக்கும். நள்ளிரவில் உறக்கம் கலைக்கும் அவ்வொலி, காற்று ஓடுகிறது என்பதற்கான அறிவிப்பு.

இதை உணராதோர் வெளித்துளையை மறைக்கிறார்கள்; உட்காற்று திரும்பும் வழியில் பொருள்களை அடுக்குகிறார்கள்; அல்லது உலையை அணைத்துவிட்டுச் சமையலடுப்பைப் பற்றவைத்து உறங்குகிறார்கள். ஓசையற்ற அவ்வடுப்பு பேர்டின் குடிலையே மீண்டும் படைக்கிறது. இரைச்சலைக் குறைக்க நேர்வழிகள் உள்ளன. தளர்ந்த திருகுகளை முடுக்கலாம்; விசிறியில் படிந்த தூசியை அகற்றலாம்; கிறீச்சிடும் மோட்டாரை மாற்றலாம்; நசுங்கிய காற்றுக்குழாயைச் சீராக்கலாம். பற்றும்போது குப்பென்று வெடியோசை கேட்டால் எரிவாயு தேங்கிப் பற்றுகிறது என்று பொருள். அதைத் தொழில் அறிந்தவரிடமே விடவேண்டும். பருவத்துக்கொரு முறை வெளித்துளையில் குளவிக்கூடு உள்ளதா எனப் பார்ப்பது நலம். ஸோலாவின் உயிரைக் கவர்ந்ததும் ஓர் அடைப்புதானே!

கானரியின் இடத்தில் இன்று கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உள்ளது. அதற்கும் ஆயுள் உண்டு. காலாவதியான கருவி செத்த கானரிக்கு ஒப்பாகும். உறங்குமிடத்தருகே அதைப் பொருத்தி, அதன்மேல் அச்சிட்ட நாளைக் கடந்ததும் மாற்றிவிட வேண்டும். அது ஒலித்தால் காரணம் தேடி நிற்காமல் அனைவரும் முதலில் வெளியேற வேண்டும்.