வடகோடியில் ஒரு பல்கலைக்கழகம்

ஊரிற் பிறந்த பிள்ளை கல்வியின் பொருட்டு ஊரைவிட்டுப் போவதும், கற்று முடித்தபின் போன இடத்திலேயே தங்கிவிடுவதும் பல நாடுகளிற் காணப்படும் வழக்கம். பிள்ளைகள் படிக்கப் படிக்க ஊர் வறிதாகின்றது. இந்த முரண்பாட்டுக்கு விடைகாண முயன்ற நாடுகளுள் நோர்வே ஒன்று. அந்நாட்டின் வடகோடியில் எழுந்த துரொம்சோப் பல்கலைக்கழகத்தின் வரலாறு அம்முயற்சியின் வரலாறேயாகும்.

துரொம்சோ நகரின் நடுப்பகுதி ஒரு தீவில் உள்ளது. அது வடதுருவ வட்டத்துக்கு வடக்கே ஏறக்குறைய 350 கிலோமீற்றர் தொலைவில் அமைந்தது. நவம்பர்ப் பிற்பகுதி தொடங்கிச் சனவரி நடுப்பகுதிவரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. மே மாதப் பிற்பகுதி தொடங்கி யூலைப் பிற்பகுதிவரை மறைவதில்லை. மீன்பிடித்தும், ஆடுமாடு வளர்த்தும், கலைமான் மேய்த்தும் வாழ்ந்த மக்கள் அந்நிலமெங்கும் சிதறியிருந்தனர்.

நோர்வேயின் முதற் பல்கலைக்கழகம் 1811ஆம் ஆண்டில் இன்றைய ஒஸ்லோவில் நிறுவப்பட்டது. இரண்டாவது 1946இல் பேர்கன் நகருக்குக் கிடைத்தது. இரண்டும் தெற்கே உள்ளன. வடக்கிற் கல்வி வித்து இல்லாமலில்லை. துரொண்டனெசில் 1826இல் தொடங்கிய ஆசிரிய கலாசாலை 1848இல் துரொம்சோவுக்கு மாற்றப்பட்டது. 1872இல் அங்கு அருங்காட்சியகமொன்றும் எழுந்தது. எனினும், பட்டம் பெற விரும்பிய வடபுலத்து இளைஞர் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தெற்கே செல்ல வேண்டியிருந்தது.

1944இன் இறுதி மாதங்களிற் பின்வாங்கிய ஜேர்மானியப் படைகள் பின்மார்க் மாகாணத்தையும் அதையடுத்த பகுதிகளையும் எரித்தழித்தன. போர் முடிந்தபின் வீடுகளும் பள்ளிகளும் வைத்தியசாலைகளும் மீண்டும் எழுந்தன. ஆனால் வைத்தியசாலையைக் கட்டுவதிலும் அதற்கு வைத்தியரைத் தேடுவதே கடினமாயிற்று. தெற்கிலிருந்து வந்தோரிற் பலர் சில காலம் பணியாற்றிவிட்டுத் திரும்பினர்.

ஆகவே வடக்கிலேயே பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. குடித்தொகை குறைந்த அந்நிலத்துக்கு அறிஞர் வருவரோ, வந்தாலும் தரம் நிலைக்குமோ என்று தெற்கிற் பலர் ஐயுற்றனர். அவ்வையங்களைக் கடந்து, 1968ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆந் திகதி நோர்வேப் பாராளுமன்றம் அதனை நிறுவ முடிவு செய்தது. 1972இல் ஐந்தாம் ஓலாவ் மன்னர் அதனைத் திறந்துவைத்தார். மருத்துவக் கல்வி 1973இல் ஆரம்பமாயிற்று.

தெற்கின் நகலாக அல்லாமல், வடக்கின் தேவையையே பாடமாகக் கொண்டமை இப்பல்கலைக்கழகத்தின் சிறப்பு. மீன்வளம் அங்கே உயர்கல்வித் துறையாயிற்று. மருத்துவ மாணவர் தூர ஊர்களின் வைத்தியசாலைகளுக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டனர். வடபுலத்தில் மிகுந்திருந்த இருதய நோயை ஆராயும் பணி 1974இலேயே தொடங்கியது.

விளைவு யாது? 1993இல் வெளியான ஆய்வொன்றின்படி, அங்கு மருத்துவப் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு 56 பேர் வடக்கிலேயே தங்கினர். வடக்கில் வளர்ந்தோரை மட்டும் எடுத்துக்கொண்டால் அத்தொகை 82. தெற்கிலிருந்து வந்து கற்றோருள் 38 மட்டுமே.

இவ்வெற்றியால் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடவில்லை. அப்பிரதேசத்தின் பழங்குடியினரான சாமி மக்களின் மொழியைப் பள்ளிகள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தன. பிள்ளை தன் தாய்மொழியைப் பள்ளி வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. அம்மக்களுக்குக் கல்வி அருகில் வந்தமை மட்டும் போதாது. அது அவர்தம் மொழியிலும் வரவேண்டியிருந்தது. 1989இற் கௌதொகெய்னோவில் சாமி உயர்கல்விக் கல்லூரி தோன்றிய பின்னரே அக்குறை தீரத் தொடங்கிற்று.

மற்றொரு குறையும் இருந்தது. பின்மார்க்கின் கிழக்கெல்லையில் வாழும் இளைஞனுக்குத் துரொம்சோவும் தூரத்து நகரமே. முன்பு ஒஸ்லோ இருந்த இடத்தில் இப்போது துரொம்சோ நின்றது. இந்நிலையில் பின்மார்க்கின் உயர்கல்விக் கல்லூரி 2013இலும், நார்விக், ஹார்ஸ்தாத் நகரங்களின் கல்லூரிகள் 2016இலும் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டன. ஒரே பல்கலைக்கழகம் பல ஊர்களிற் கற்பிக்கலாயிற்று.

அத்தொலைவுக்கு யார் போவர் என்பதே 1968க்கு முன் எழுந்த கேள்வி. அங்கே பிறந்தோரைப் பற்றி அக்கேள்வியில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. அவர்கள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. தம் ஊரிலேயே கற்று, தம்மவர்க்கே வைத்தியராயினர்.