எட்டாத இடத்துப் பொறி

வீட்டில் இருந்தவாறே காரியாலயத்துக் கணினியைத் திறந்து வேலை செய்ய முயன்று, தொடர்பு கிட்டவில்லை என்னும் அறிவித்தலைத் திரையிற் கண்டு திகைத்தவர்கள் 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் உலகெங்கும் பெருகினர். விண்டோஸ் கணினிகளில் அவ்வறிவித்தல் மூன்று காரணங்களை அடுக்கிச் சொல்லும். தொலைவிலிருந்து நுழைய அனுமதி வழங்கப்படாதிருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், அது வலையமைப்பிற் காணப்படாதிருக்கலாம். மூன்றில் எதுவென்று மட்டும் சொல்லாது. சொல்ல அதனால் இயலாது என்பதே உண்மை. ஓலை கொண்டு சென்றவன் மீளவில்லையாயின், அவன் வழியில் மாண்டானோ, வாயிற்கதவு திறக்கப்படவில்லையோ, ஓலையைப் பெற்றவர் மறுமொழி எழுதாது விட்டாரோ என்பதை அனுப்பியவர் எவ்வாறு அறிவார்? இந்த இடர் எவ்வாறு தோன்றியது, அதனோடு மல்லாடியவர்கள் யாது செய்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தொலைவிலுள்ள கணிக்கும் பொறியை இருந்த இடத்திலிருந்து இயக்கும் வித்தை நேற்றுத் தோன்றியதன்று. 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள், அமெரிக்கக் கணிதச் சங்கத்தார் டாட்மத் கல்லூரியிற் கூடியிருந்தபோது, பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்ரிபிற்ஸ் என்பார் அங்கே ஒரு தொலையச்சுப் பொறியை வைத்தார். சிக்கலெண்களைக் கணிக்கும் அவருடைய இயந்திரமோ ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால், நியூயோர்க் நகரில் இருந்தது. தொலைபேசி நிலையங்களிற் பயன்பட்ட மின்காந்த ஆளிகளால் அமைந்த பொறி அது. கணக்கைத் தட்டினால் விடை தந்திக் கம்பி வழியே மீண்டது. நோர்பேட் வீனர், ஜோன் மோச்லி ஆகிய அறிஞர்களும் அதனைத் தட்டிப் பார்த்தனர் என்பர். அன்று ஒரு பொறி, ஒரு கம்பி, ஒரு தட்டச்சு. பழுது ஒளிந்திருக்கத்தக்க இடங்கள் சிலவே.

1965இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கணினியொன்றும் கலிபோர்ணியாவிலுள்ள கணினியொன்றும் சாதாரணத் தொலைபேசித் தொடர்பினால் இணைக்கப்பட்டன. இணைப்பு நடந்தது, ஆனால் அவ்வகைத் தொலைபேசி முறை இத்தொழிலுக்குப் போதாதென்பதும் தெரியவந்தது. செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் புதிய வலையமைப்பு அதன் பின்னரே உருவாயிற்று. ஆர்பாநெற் என்பது அதன் பெயர்.

1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் இரவைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் லெனாட் கிளைன்றொக்கின் மாணவராகிய சார்ளி கிளைன் ஒரு கணினியின் முன் அமர்ந்திருந்தார். வடக்கே 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில், மென்லோ பார்க் என்னுமிடத்து ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்தில், பில் டுவால் இருந்தார். இரு கணினிகளுக்கும் நடுவே, செய்தியைக் கைமாற்றுவதற்கென்றே அமைந்த இடைநிலைக் கணினிகள் இரண்டு நின்றன. உள்ளே நுழைவதற்கான ‘லொகின்’ என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துக்களைக் கிளைன் ஒவ்வொன்றாகத் தட்டினார். ‘எல்’ போய்ச் சேர்ந்தது. ‘ஓ’ போய்ச் சேர்ந்தது. ‘ஜி’ தட்டியபோது அக்கரைக் கணினி நிலைகுலைந்து நின்றது.

கதை சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவர். வலையமைப்பின் முதற் செய்தி ‘லோ’ என்று அமைந்தமையையும், அவ்வோசைக்கு ஆங்கிலத்தில் ‘இதோ பாரீர்’ என்னும் பொருள் உண்மையையும் வியந்து பேசுவர். எனக்கோ அந்த இரண்டெழுத்தைக் காட்டிலும் அதன் பின் வந்த ஒரு மணி நேரமே பெரிதாகத் தோன்றுகின்றது.

அந்த நேரத்தில் நிகழ்ந்தது என்ன? கிளைனும் டுவாலும் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தனர். ஒவ்வோர் எழுத்தும் சேர்ந்ததா என்பதை வாயாற் கேட்டு, வாயாற் பதில் பெற்றனர். ஆகவே கணினி நின்ற கணத்திலேயே, நின்றது எந்தக் கரையில் என்பது ஐயமறத் தெரிந்தது. பிற்காலத்தில் டுவால் விளக்கிய காரணம் சுவையானது. கம்பி அறவில்லை, இடைநிலைக் கணினிகளும் பிழை செய்யவில்லை. மென்லோ பார்க்கிலிருந்த கணினிக்கு ஒரு பழக்கம்: வருபவர் முதல் மூன்று எழுத்துக்களைத் தட்டினால், எஞ்சியவற்றைத் தானே நிரப்பி விரைந்து திருப்பியனுப்பும். தட்டிய எழுத்து ஒவ்வொன்றாகவே மீளும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தது நிரல். ஓரெழுத்துக்கு வைத்த இடத்திற் பல எழுத்துக்கள் வந்து விழவே, தாங்காது சரிந்தது. டுவால் அவ்விடத்தை அகலமாக்கினார். அன்றிரவே கிளைன் முழுச் சொல்லையும் தட்டி உள்ளே நுழைந்தார். இரவு 10.30 என்று நேரம் குறித்து, மறுகரைக் கணினியுடன் பேசியதாக அவர்களுடைய குறிப்பேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது.

கம்பி சரியாயிருந்தும், இரு கரையினரின் எதிர்பார்ப்புக்கள் ஒவ்வாமையால் தொடர்பு முறிவதற்கு இதுவே பழைய சான்று. பழுது கண்டவர்களுக்கு உதவியதோ, பழுதடைந்த பாதையைச் சாராத வேறொரு பாதை.

இடைநிலைக் கணினிகளைச் செய்து கொடுத்த பொறியியலாளர்கள், மசாச்சுசெற்ஸில் ஒரு கண்காணிப்பு நிலையம் அமைத்து, நாடெங்கும் பரந்து கிடந்த அப்பொறிகளை அங்கிருந்தே கவனித்து வந்தனர். ஒரு தொடர்பு கெட்டால், அனுப்பிய செய்தியை வழியில் ஓரிடத்தில் மடக்கி, அனுப்பியவரிடமே திரும்பி வரச் செய்வர். அவ்விடத்தில் மடக்க அது பிழையின்றி மீண்டால் அதுவரை பாதை நலம். இன்னும் ஒரு கட்டம் அப்பால் மடக்கிப் பார்ப்பர். கிணற்றின் ஆழத்தைக் கயிற்றின் முடிச்சுக்களால் அளப்பது போல. தொலைபேசிக் கம்பனியாருக்கு அவர்களுடைய கம்பி கெட்டதை இவர்கள் அழைத்துச் சொல்ல, எங்கோ இருந்துகொண்டு நீங்கள் எப்படி அறிவீர்கள் என்று அவர்கள் முதலில் நம்ப மறுத்ததும் உண்டாம்.

1983 டிசெம்பரில், அமெரிக்கப் படையின் ஆராய்ச்சிக்கூடமொன்றிற் பணிபுரிந்த மைக் மூஸ் என்பார், வலையமைப்பின் கோளாறொன்றைத் தேடும் பொருட்டு ஒரே இரவிற் சிறு நிரலொன்றை எழுதினார். கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கியை அறியும் கருவியை நினைந்து, அதற்குப் ‘பிங்’ எனப் பெயரிட்டார். ‘இருக்கிறாயா?’ என்று கேட்பதும், ‘இருக்கிறேன்’ என்னும் மறுமொழிக்குக் காத்திருப்பதுமே அதன் வேலை. ஒருவர் மறுமொழி வருந்தோறும் தம் கணினி உரக்க ‘பிங்’ என்று சொல்லுமாறு செய்துவிட்டு, கட்டடமெங்கும் நடந்து, கம்பியிணைப்புக்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாராம். எந்த இணைப்பை அசைக்க ஒலி நின்றதோ அதுவே பழுது! காதாற் பழுது கண்ட இக்கதை வானொலி நேயர்களுக்கு உவப்பானதே.

தொலைவுக் கணினியின் திரையையே தம் திரையிற் காணும் வசதியை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1998இல் அளித்தது. 2001 முதல் அது சாதாரண மேசைக் கணினிகளுக்கும் பரவியது. ஆயினும் தேடும் ஒழுங்கு மாறவில்லை. கணினி விழித்திருக்கிறதா? மின்சிக்கனம் கருதி உறங்கிப் போன கணினிகளால் வரும் தொல்லை சிறிதன்று. அதன் முகவரி நேற்றிருந்ததேயா? 3389 என்னும் வாயிலைப் பாதுகாப்புச் சுவர் அடைத்துள்ளதா? கேட்பவர் பெயருக்கு அனுமதி உண்டா? கடவுச்சொல்லைப் பற்றிக் கவலைப்படுவது இவற்றின் பின்னரே. எங்கள் வித்தியாசாலை இலிகிதர் இதனைத் தலைகீழாகச் செய்து, கடவுச்சொல்லை நான்குமுறை மாற்றிவிட்டு, ஈற்றிற் காவலாளரை அழைத்தார். மின் ஆளி அணைந்து கிடந்தது. அவரை நான் குறைகூறவில்லை. திரையில் வந்த அறிவித்தல் அவருக்கு வழி காட்டவில்லை.

பெரியோரும் இதற்கு விலக்கல்லர். 2021 ஒக்டோபர் 4ஆம் நாள், பேஸ்புக் நிறுவனத்தார் பராமரிப்பு வேலையின்போது பிறப்பித்த ஒரு கட்டளை, அவர்களுடைய தரவு நிலையங்களை இணைத்த முதுகெலும்புத் தொடர்பு முழுவதையும் அறுத்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழையிருந்தது. நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டிய கதைதான். பழுது பார்க்கும் கருவிகளும் அந்த வலையமைப்பையே நம்பியிருந்தமையால், அவையும் உடன் வீழ்ந்தன. பொறியியலாளர்கள் நேரிற் செல்ல நேர்ந்தது. அந்நியர் நுழையாவண்ணம் கட்டப்பட்ட நிலையங்கள் அவை. உள்ளே சென்ற பின்னரும் கருவிகளை எளிதில் மாற்ற முடியாதவாறு காவல்கள் இருந்தன. கள்வருக்கு வைத்த பூட்டு வீட்டுக்காரரையும் மறித்தது. சேவைகள் மீள ஏறத்தாழ ஆறு மணி நேரமாயிற்று. தொடர்பு கிடைத்த பின்னரும் யாவற்றையும் ஒருமிக்கத் திறக்கவில்லை. திடீரென ஏறும் மின்சுமையை நிலையங்கள் தாங்காவோ என அஞ்சி, சிறிது சிறிதாகவே திறந்தனர்.